டைரக்ட் லைன் இழுத்தால் சத்தம் கூடுமா?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையானாலும் சரி, உங்கள் ஊர் பைபாஸ் ஓரத்துக் கார் அக்சஸரீஸ் கடையானாலும் சரி, புது மியூசிக் செட் மாட்டப் போனால் ஒரு யோசனை தவறாமல் வரும். கப்ளரைச் சொருகிக்கொண்டே கடைக்காரர் கேட்பார்: "சார், பேட்டரிலேர்ந்து டைரக்ட் லைன் இழுத்துடலாமா? சவுண்டு சும்மா அள்ளும்." கூலி கொஞ்சம் கூடும், அவ்வளவுதானே என்று பலரும் தலையாட்டிவிடுகிறார்கள்.

யோசனை பாதி சரி. டேஷ்போர்டில் உட்காரும் செட்டுக்கு இதனால் காதுக்குத் தெரிகிற லாபம் அநேகமாக ஒன்றுமில்லை. டிக்கியில் தனி ஆம்ப்ளிஃபையரும் சப்வூஃபரும் வைத்திருப்பவருக்கோ அது இல்லாமல் முடியவே முடியாது. இருவருக்கும் ஒரே பேச்சைப் பேசி, ஒரே மாதிரி ஒயரை இழுத்துவிடுவதில்தான் கோளாறு தொடங்குகிறது.

முதலில் செட்டைப் பார்ப்போம். அட்டைப்பெட்டியில் '50 வாட் x 4' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நான்கு ஸ்பீக்கருக்கும் சேர்த்து 200 வாட். செட்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பிளேடு ஃபியூஸ் ஒன்று செருகியிருக்கும். பெரும்பாலும் சிவப்பு நிற 10 ஆம்பியர், சிலவற்றில் நீல நிற 15 ஆம்பியர். எஞ்சின் ஓடும்போது வண்டியில் கிடைப்பது சுமார் 13.8 வோல்ட். அதை 10 ஆம்பியரால் பெருக்கினால் 138 வாட். உள்ளே போவதே 138 வாட் என்றால், வெளியே 200 வாட் எப்படி வரும்? பெட்டி ஒன்று சொல்கிறது, ஃபியூஸ் வேறொன்று சொல்கிறது. நான் ஃபியூஸைத்தான் நம்புவேன்.

அந்த 50 என்ற எண் வானத்திலிருந்து குதித்ததல்ல. கார் ஸ்பீக்கரின் மின்தடை பொதுவாக 4 ஓம். வண்டியின் உச்ச வோல்டேஜ் 14.4 என்று வைத்து, அதை அதாலேயே பெருக்கி 4-ஆல் வகுத்தால் 51.8 வாட் வரும். ஆனால் இது செட்டின் வால்யூமைக் கடைசி வரை திருகி, பாட்டின் அலை மேலும் கீழும் வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்ட நிலையில் கிடைக்கும் கணக்கு. அந்த நிலையில் பாட்டு பாட்டாக இருக்காது, கரகரவென்று இரைச்சலாகத்தான் இருக்கும். அலை சிதையாமல் இருக்க வேண்டுமென்றால், உள்ளே இருக்கும் சிப் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் ஒன்றரை வோல்ட்டைக் கழிக்க வேண்டும். உச்சத்தை விட்டுவிட்டு அலையின் சராசரி வலுவைக் கணக்கில் எடுக்க வேண்டும். கடைசியில் மிஞ்சுவது ஒரு ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 20 வாட். டேஷ்போர்டு செட்டுகளில் விலை ஏற ஏறத் திரை பெரிதாகும், மேப் வரும், கேமரா வரும். இந்த 20 மட்டும் அநேகமாக அப்படியேதான் இருக்கும். ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது செட் கம்பெனி அல்ல, வண்டியின் 14 வோல்ட்.

சரி, பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்தால் என்ன மாறும்? கம்பெனி ஒயரிங் வழியாக வரும்போது, முழு வால்யூமில் அரை வோல்ட் வழியிலேயே குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 14 வோல்ட் கிளம்பி 13.5 வந்து சேர்கிறது. டைரக்ட் லைன் அந்த அரை வோல்ட்டை முழுதாக மீட்டுக் கொடுத்தாலும், வாட் கணக்கில் கூடுவது ஏழெட்டு சதவீதம். ஒலியின் கணக்கில் அது 0.3 டெசிபெல். நம் காது ஒலியின் ஏற்ற இறக்கத்தை உணர ஏறக்குறைய 1 டெசிபெல்லாவது மாற வேண்டும். சத்தம் இரு மடங்கானதுபோல் தோன்ற 10 டெசிபெல் வேண்டும். அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். அரை வோல்ட்டுக்கு அவ்வளவு சக்தி கிடையாது. கடையை விட்டு வெளியே வரும்போது சவுண்டு கூடின மாதிரி இருக்கிறதே என்றால், பழைய செட் போய்ப் புது செட் வந்திருக்கிறது, பேஸ் கூட்டி வைக்கப்பட்டிருக்கிறது, கையிலிருந்து பணமும் போயிருக்கிறது. காது இதையெல்லாம் சேர்த்துத்தான் கேட்கிறது.

விதிவிலக்கு உண்டு. பதினைந்து வருடம் ஓடிய வண்டி, களிம்பு பிடித்த ஃபியூஸ் பாக்ஸ், முன்னால் யாரோ முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போன இணைப்புகள். இப்படிப்பட்ட வண்டியில் ஒன்றரை, இரண்டு வோல்ட்கூடத் தொலையும். பேஸ் விழும்போதெல்லாம் செட் அணைந்து மறுபடி உயிர்பெறும். அங்கே புது ஒயர் உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் அது சத்தத்தைக் கூட்டும் வித்தை இல்லை, ரிப்பேர். எது என்று தெரிந்துகொள்ள மல்டிமீட்டர் இருந்தால் போதும். டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனை பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை செட்டின் பின்னால் இருக்கும் மஞ்சள் ஒயரில். எஞ்சினை ஓடவிட்டு, பாட்டை முழு வால்யூமில் போட்டுப் பாருங்கள். மீட்டர் காட்டுவதுதான் வழியில் தொலைகிற வோல்டேஜ். அதேபோல் கறுப்பு ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே ஒரு முறை. இரண்டையும் கூட்டினாலும் அரை வோல்ட் தாண்டவில்லை என்றால் டைரக்ட் லைன் பேச்சை அத்தோடு விட்டுவிடலாம்.

ஆம்ப்ளிஃபையர் கதை வேறு. 14 வோல்ட்டில் 20 வாட்டுக்கு மேல் போக முடியாது என்ற சுவரைத் தாண்ட, வோல்டேஜையே உயர்த்துவது ஒன்றுதான் பெரிய வழி. 4 ஓம் ஸ்பீக்கரில் 100 வாட் வேண்டுமென்றால் அலையின் உச்சம் 28 வோல்ட் தொட வேண்டும். அதற்காக டிக்கியில் இருக்கும் அந்த அலுமினியப் பெட்டிக்குள் பாதி இடத்தை ஒரு மின்மாற்றி ஏற்பாடு அடைத்துக்கொண்டிருக்கும். பேட்டரியின் நேர்மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி மாறுமின்சாரமாக்கி, வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மரில் ஏற்றி, திரும்ப நேர்மின்சாரமாக்கித் தரும் ஏற்பாடு அது.

இது புது வித்தையும் அல்ல. 1930-ல் சிகாகோவில் கால்வின் கம்பெனி 'மோட்டோரோலா' என்ற பெயரில் கார் ரேடியோவை விற்கத் தொடங்கிய காலத்தில், வால்வு ரேடியோவுக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் தேவைப்பட்டது. காரில் இருந்ததோ 6 வோல்ட் பேட்டரி. அதனால் உயர் வோல்டேஜுக்கென்று தனி பேட்டரிகளையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சில வருடங்களில் 'வைப்ரேட்டர்' வந்தது. ஒரு சின்ன இரும்பு நாக்கு விர்ரென்று துடித்து மின்சாரத்தை வெட்டிவிட, டிரான்ஸ்ஃபார்மர் அதை உயர்த்தியது. பாட்டோடு சேர்ந்து அந்த நாக்கின் ரீங்காரமும் கேட்கும். 1955-ல் கிரைஸ்லர் காருக்காக ஃபில்கோ கம்பெனி முழுக்க டிரான்சிஸ்டராலான ரேடியோவைக் கொண்டுவந்தபின் வால்வும் போனது, நாக்கும் போனது. இன்றைய ஆம்ப் அதே வெட்டி உயர்த்தும் வேலையைத்தான் சத்தமில்லாமல் டிரான்சிஸ்டரில் செய்கிறது.

வோல்டேஜை உயர்த்தினால் அதற்கான விலையை ஆம்பியரில் கொடுத்தாக வேண்டும். நிஜமாகவே 500 வாட் தரும் ஒரு கிளாஸ் டி ஆம்ப், 80 சதவீதத் திறனில் இயங்கினாலும் உள்ளே 625 வாட் கேட்கும். 13.8 வோல்ட்டில் அது 45 ஆம்பியர். செட்டுக்கு வரும் கம்பெனி ஒயர் ஒன்று அல்லது ஒன்றரை ஸ்கொயர் எம்எம் இருந்தாலே அதிகம். ஒரு ஸ்கொயர் எம்எம் ஒயரில் இந்த 45 ஆம்பியரை ஐந்து மீட்டர் தூரம் அனுப்பினால் வழியிலேயே ஏறக்குறைய 4 வோல்ட் போய்விடும். போவது சும்மா போகாது; 170 வாட் வெப்பமாக அந்த ஒயரிலேயே இறங்கும். 25 வாட் சால்டரிங் அயர்ன் ஏழெட்டைக் காரின் மிதியடிக்கு அடியில் வரிசையாகப் படுக்கவைத்து ஸ்விட்ச் போட்டதற்குச் சமம். அதே தூரத்துக்கு 16 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் போட்டால் குறைவது கால் வோல்ட், வெப்பம் பத்துப் பதினோரு வாட். ஆம்ப்புக்குப் பேட்டரியிலிருந்து விரல் மொத்தத்துக்கு ஒயர் இழுப்பது ஆடம்பரமில்லை, அவசியம்.

ஒயர் வாங்கும்போது ஒரு சின்னச் சோதனை. 'ஆம்ப் கிட்' என்று பாக்கெட்டில் வருபவற்றில் பல, அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியவை. பார்க்கச் செம்பு நிறம்தான். ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கையில் தூக்கினாலும் லேசாக இருக்கும். அது கடத்துவது செம்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். மோசம் என்று சொல்ல மாட்டேன். ஒரு சைஸ் பெரிதாக வாங்க வேண்டும், அவ்வளவுதான். கேஜ் கணக்கில் எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 8 கேஜைவிட 4 கேஜின் குறுக்குவெட்டுப் பரப்பு இரண்டரை மடங்கு.

இனிமேல் சொல்வது விளையாட்டில்லை. 12 வோல்ட் ஷாக் அடிக்காது. பேட்டரியின் இரண்டு முனைகளையும் உலர்ந்த கையால் தொட்டாலும் ஒன்றும் தெரியாது. இதனாலேயே அதன்மேல் பயம் போய்விடுகிறது. ஆனால் காயம்பட்ட ஒயர் பாடியில் உரசினால், அந்தச் சாதுவான 12 வோல்ட் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றுவதற்கென்றே செய்யப்பட்ட பேட்டரி அது. உள்தடை ஓம்மின் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. ஸ்பேனர் ஒன்று தவறி பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவே விழுந்து பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொண்டதைப் பார்த்த மெக்கானிக்குகள், வேலை தொடங்கும் முன் மோதிரத்தைக் கழற்றி வைக்கிறார்கள்.

கம்பெனி ஒயரிங்கில் இந்த ஆபத்துக்குத் தடுப்பு இருக்கிறது. பேட்டரியை விட்டுக் கிளம்பும் லைன்கள் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸைக் கடந்துதான் உள்ளே போகும். டைரக்ட் லைன் என்று நாம் இழுக்கும்போது முதலில் தாண்டிப்போவது அந்தக் காவலைத்தான். "ஆம்ப்லயே ஃபியூஸ் இருக்கு சார்" என்று பதில் வரும். இருக்கிறது, அது ஆம்ப்பைக் காப்பாற்ற. பேட்டரிக்கும் ஆம்ப்புக்கும் நடுவே ஓடும் நான்கைந்து மீட்டர் ஒயர், நடுவழியில் எங்கே பாடியைத் தொட்டாலும் டிக்கியில் இருக்கும் அந்த ஃபியூஸுக்கு ஒன்றுமே தெரியாது. மின்சாரம் அதுவரை வருவதே இல்லை. ஆகவே ஃபியூஸ் பேட்டரியின் பக்கத்தில், பிளஸ் முனையிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். அதன் அளவு ஒயர் தாங்கும் ஆம்பியரைப் பொறுத்தது. 8 கேஜ் செம்புக்கு 50 அல்லது 60, 4 கேஜுக்கு 100 என்று வைத்துக்கொள்ளலாம். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று அதைவிடப் பெரிதைப் போடுவதும், சிகரெட் பாக்கெட் ஃபாயிலைச் சுற்றிச் செருகுவதும் ஒயரையே ஃபியூஸாக்கும் வேலை.

ஒயர் பெரும்பாலும் காயப்படும் இடமும் தெரிந்ததுதான். எஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே நிற்கும் தகட்டுச் சுவரில் ஓட்டை போட்டு உள்ளே கொண்டுவருவார்கள். டிரில் போட்ட ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். வண்டி அதிர அதிர, மாதக்கணக்கில் அது ஒயரின் தோலை அறுத்துக்கொண்டே இருக்கும். ஓட்டையில் ஒரு ரப்பர் வளையம், ஒயருக்கு மேலே ஒரு ஸ்லீவ் போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்தது. கடையில் வேலை முடிந்ததும் பானட்டைத் திறந்து இந்த இரண்டையும், ஃபியூஸையும் கண்ணால் பார்த்துவிட்டுக் காசு கொடுப்பது நல்லது.

அடுத்தது சாவி. செட்டுக்கு இரண்டு பிளஸ் ஒயர்கள் உண்டு. மஞ்சள் எப்போதும் பேட்டரியோடு. கடிகாரத்தையும் ஸ்டேஷன் நினைவையும் காப்பாற்றுவதற்கு. சிவப்பு, சாவியைத் திருகினால் மட்டும் உயிர்பெறும். அவசர வேலையில் இரண்டையும் சேர்த்து முறுக்கிப் பேட்டரிக்கே கொடுத்துவிடுவோர் உண்டு. சாவியை எடுத்தாலும் பாடுகிறதே என்று வண்டிக்காரருக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருக்கும். திரையை அணைத்துவிட்டதாக நினைத்தாலும், செட் உள்ளுக்குள் அரை ஆம்பியரை இழுத்துக்கொண்டிருக்கலாம். சின்ன கார்களில் இருக்கும் 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது 70 மணி நேரக் கணக்கு. செல்ஃப் எடுக்காமல் போவதற்கு அதில் பாதி போதும். வெள்ளிக்கிழமை இரவு ரயிலில் திருநெல்வேலிக்குப் போய்த் திங்கள்கிழமை காலை தாம்பரத்தில் இறங்கி வந்தால், வண்டி 'டிக் டிக்' என்று மட்டும் சொல்லும். ஆம்ப்பிலும் இதே தவறு நடக்கும். செட்டிலிருந்து வரும் வெள்ளைக் கோடு போட்ட நீல ஒயரில்தான் ஆம்ப்பை எழுப்பும் சமிக்ஞை வரும். அதை விட்டுவிட்டுப் பேட்டரியிலேயே முறுக்கினால் ஆம்ப் தூங்கவே தூங்காது.

இவ்வளவு சரியாகச் செய்தபிறகும் ஒரு காட்சியைச் சாலையில் பார்க்கலாம். ராத்திரியில், பேஸ் விழும் தாளத்துக்கு ஹெட்லைட்டும் சேர்ந்து மங்கி மங்கி எரியும். ஆல்டர்னேட்டர் கொடுப்பதைவிட அந்த நொடியில் ஆம்ப் கேட்பது அதிகம்; மிச்சத்தைப் பேட்டரி கொடுக்கிறது. 14.2-ல் நின்ற வோல்டேஜ் 12.6-க்கு இறங்கிவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த இறக்கத்தால் ஒலியில் குறைவது அதிகபட்சம் 1 டெசிபெல்தான், காதுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஹாலஜன் பல்பின் ஒளியோ வோல்டேஜ் மாறும் விகிதத்தின் 3.4 அடுக்காக மாறுவது. அதே இறக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும். காது மன்னிப்பதைக் கண் மன்னிப்பதில்லை. இதற்கு மருந்தாக ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் என்று தகரடப்பா அளவில் ஒன்றை விற்பார்கள், நீல விளக்கெல்லாம் எரியும். 14 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது அது தரும் ஆற்றல் 26 ஜூல். 500 வாட் ஆம்ப் அதை ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் விழுங்கிவிடும். அழகுக்கு வைத்துக்கொள்ளலாம். நெரிசலில் ஏசியும் ஹெட்லைட்டும் போட்டு நிற்கும்போது ஆல்டர்னேட்டரே தன் முழு அளவில் பாதியைத்தான் தரும் என்பதுதான் உண்மையான தடை. அதை எந்த ஒயரும் தீர்க்காது.

சிலர் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் பாட்டுக்குப் பின்னால் 'உய்ங்' என்று ஒரு கூவல் ஏறிக்கொண்டே போகும். அது ஆல்டர்னேட்டரின் குரல். அதன் ஒவ்வொரு சுற்றுக்கும், பொதுவான அமைப்பில், 36 சின்னத் துடிப்புகள் நேர்மின்சாரத்தின்மேல் ஏறி வரும். எஞ்சின் 900 ஆர்பிஎம்மில் ஐடிலில் நிற்கும்போது, பெல்ட் இரண்டரை மடங்கு வேகத்தில் சுழற்றினால், நொடிக்கு 1,350 துடிப்பு. 3,000 ஆர்பிஎம்முக்கு 4,500. இரண்டும் காது நன்றாகக் கேட்கும் எல்லைக்குள் வருபவை. இந்தக் கூவலுக்குப் பிளஸ் லைனைக் குறைசொல்லிப் பயனில்லை, குற்றவாளி பெரும்பாலும் எர்த். ஆம்ப்பின் மைனஸை பெயின்ட் மேலேயே ஸ்க்ரூ போட்டு முறுக்கியிருப்பார்கள். செட்டின் எர்த்துக்கும் ஆம்ப்பின் எர்த்துக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் வந்தாலே, அது ஆடியோ கேபிளின் உறை வழியாகப் பாட்டோடு கலந்துவிடும். பெயின்ட்டைச் சுரண்டி, தகடு பளிச்சென்று தெரிந்தபின், பிளஸ் ஒயர் அளவுக்கே தடித்த ஒயரை லக் வைத்து இறுக்கினால் பாதிக் கேஸ்கள் அங்கேயே முடிந்துவிடும். பேட்டரி மைனஸுக்கே நேராகக் கொண்டுபோகிறேன் என்று புது வண்டிகளில் செய்ய வேண்டாம். அந்த முனையில் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் இருக்கும் கார்களில், அதைத் தாண்டிப் போனால் வண்டியின் கம்ப்யூட்டர் பேட்டரியைப் பற்றித் தப்புக் கணக்குப் போடும்.

லாரி, பஸ் விஷயத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. பெரிய வண்டிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட். கேபினில் மாட்ட வாங்கி வந்த செட்டோ 12 வோல்ட். "ஒரு பேட்டரிலேர்ந்து மட்டும் டைரக்டா எடுத்துக்கலாம்ணே" என்பது நெடுஞ்சாலை ஓரத்தில் வழிவழியாக வரும் வைத்தியம். பாட்டு நன்றாகவே பாடும். கெடுதல் மெதுவாக வரும். சார்ஜ் ஏறும்போது இரண்டு பேட்டரிக்குள்ளும் ஓடுவது ஒரே மின்சாரம். ஆனால் ஒன்று மட்டும் செட்டுக்குத் தனியாகக் கொடுத்துக்கொண்டே இருப்பதால் அது எப்போதும் பின்தங்கும். ஆல்டர்னேட்டர் பார்ப்பது மொத்தம் 28 வோல்ட்டை மட்டும். ஒன்று 13-ல் நின்றால் மற்றது 15-ஐச் சுமக்கும். 15 வோல்ட்டில் அந்தப் பேட்டரியின் தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனுமாகப் பிரிந்து போய்க்கொண்டே இருக்கும். கிளீனர் ஒரு பேட்டரிக்கு மட்டும் அடிக்கடி டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுகிறார் என்றால் காரணம் அநேகமாக கேபினில் பாடிக்கொண்டிருக்கும்.

அதிலும், பாடியோடு சேராத மேல் பேட்டரியிலிருந்து எடுத்துவிட்டால் வேறு வினை. அப்போது செட்டின் மைனஸே பாடியைவிட 12 வோல்ட் மேலே நிற்கும். செட்டின் தகட்டு உறை உள்ளுக்குள் மைனஸோடு இணைந்திருப்பது. டேஷ்போர்டின் இரும்பில் ஸ்க்ரூ இறங்கிய கணமே கீழ் பேட்டரி ஷார்ட். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டரை நடுவில் போட்டால் இரண்டு தொல்லையும் கிடையாது, இரண்டு பேட்டரியும் சமமாகவே தேயும். வாங்கும்போது செட்டின் ஃபியூஸைப் பார்த்து, அதைவிடக் கூடுதல் ஆம்பியர் தாங்குவதாக எடுக்க வேண்டும்: செட்டில் சிவப்பு 10 என்றால் கன்வெர்ட்டர் 15. அதற்குப் போகும் 24 வோல்ட் லைனுக்கும் பேட்டரிப் பெட்டி ஓரத்திலேயே தனி ஃபியூஸ் வேண்டும்.